ஐந்து கணக்குதான் கொடுத்தேன்

இரும்புலியூர்
7 ஜூலை 2025

மதிப்பிற்குரிய பியூலா மிஸ் அவர்களுக்கு,

ஐந்தாம் வகுப்பு 'பி' பிரிவில் படிக்கும் மாளவிகாவின் அப்பா அச்சுதன் எழுதுவது. போன வருடம் வாட்ஸ்அப் குழுவில் பெற்றோர்கள் போட்ட சண்டைக்குப் பிறகு, ஆசிரியரிடம் எது சொல்வதென்றாலும் எழுதிப் பள்ளி ஆபீஸில் கொடுங்கள் என்று உத்தரவு போட்டுவிட்டார்கள். எனக்கு அதில் வருத்தமில்லை. நான் இன்சூரன்ஸ் கம்பெனியில் ஆடிட் பிரிவில் இருப்பவன். நேற்று சொன்னதை இன்று இல்லை என்பவர்களோடுதான் என் பிழைப்பு. காகிதம் மாற்றிப் பேசாது.

விஷயத்துக்கு வருகிறேன். பத்து வயதுக் குழந்தைக்கு எதற்கு இவ்வளவு வீட்டுப்பாடம்? நான் கிண்டியிலிருந்து ரயில் பிடித்து வரும்வரை, எங்கள் அடுக்ககத்திலேயே மூன்றாம் மாடியில் இருக்கும் ஜெரூஷாவின் வீட்டில் அவள் படிக்கிறாள். ஜெரூஷாவும் உங்கள் வகுப்புதான். நான் வந்து கீழே இருந்து கூப்பிட்டால், "இன்னும் முடியல அப்பா, மிஸ் நிறைய குடுத்திருக்காங்க" என்று மாடிப்படியிலிருந்து குரல் வருகிறது. சாப்பாட்டு நேரத்துக்கு இறங்கி வந்து, தட்டிலேயே தூங்கி விழுகிறாள்.

படிக்கிற குழந்தையைப் பாதியில் எழுப்புகிற வழக்கம் எங்கள் வீட்டில் கிடையாது. அவள் நோட்டைத் திறந்தால் டிவியை அணைத்துவிடுவோம். வந்த விருந்தாளியைக்கூட மெதுவாகப் பேசச் சொல்வோம். படிப்புக்கு நாங்கள் கொடுக்கும் அந்த மரியாதையை நீங்கள் இப்படிப் பயன்படுத்திக்கொள்வது நியாயமா?

குறைத்துக் கொடுங்கள். பதில் எழுத்தில் வேண்டும்.

இப்படிக்கு,
அச்சுதன்


கிழக்குத் தாம்பரம்
9 ஜூலை 2025

திரு. அச்சுதன் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் கடிதம் கிடைத்தது. நான் நேற்று கொடுத்தது ஐந்து வகுத்தல் கணக்கு, தமிழில் ஒரு பத்தி சத்தமாக வாசிக்க வேண்டும். அவ்வளவுதான். முந்தின நாளும் ஏறக்குறைய அதே அளவுதான். சமூக அறிவியலில் நான் வீட்டுப்பாடமே கொடுப்பதில்லை.

வகுப்பில் சொன்னது குழந்தையிடம் ஒட்டியிருக்கிறதா, வாசலிலேயே உதிர்ந்துவிட்டதா என்று பார்க்கத்தான் வீட்டுப்பாடம். அதற்கு ஐந்து கணக்குப் போதும். ஐந்தில் தெரியாதது ஐம்பதில் தெரியப்போவதில்லை. இதைச் சொன்னால் பாதிப் பெற்றோருக்குப் பிடிப்பதில்லை. போன வாரம்கூட ஒருவர் வந்து, "மிஸ், பையன் வீட்ல சும்மாவே இருக்கான், ஏதாச்சும் நிறைய எழுதப் போடுங்க" என்றார். பிள்ளை சும்மா இருப்பதைப் பார்க்கிற தைரியம் இப்போது யாருக்கும் இல்லை.

ஆகவே, அந்த ஐந்து கணக்கை முடிக்க மாளவிகாவுக்கு ஏன் இரவுச் சாப்பாடு வரை ஆகிறது என்பதை நான்தான் உங்களிடம் கேட்க வேண்டும். வகுப்பில் அவள் மணி அடிப்பதற்குள் முடித்துவிட்டு ஜன்னலைப் பார்க்கிறவள்.

வீட்டில் வேறு யாராவது கூடுதலாக எழுத வைக்கிறார்களா? அப்படி இருந்தால் அதற்கு என் பெயரைச் சொல்ல வேண்டாம்.

இப்படிக்கு,
த. பியூலா


இரும்புலியூர்
14 ஜூலை 2025

பியூலா மிஸ் அவர்களுக்கு,

ஐந்து கணக்கு என்று எழுதியிருக்கிறீர்கள். பள்ளி டைரியிலும் ஐந்துதான் எழுதியிருக்கிறது, பார்த்தேன். அதனால்தான் எனக்குச் சந்தேகம் கூடியது. டைரியில் ஐந்து, வாயால் சொல்வது எவ்வளவு? ஆடிட்டில் இதற்குப் பெயர் உண்டு, உங்களிடம் சொல்ல விரும்பவில்லை.

மாளவிகாவையே கேட்டேன். "டைரில எழுதறது தனி, போர்டுல எழுதறது தனி அப்பா" என்றாள். கண்ணைப் பார்த்துச் சொன்னாள். என் பெண் பொய் சொல்கிற பெண் இல்லை.

இன்னொன்றும் காதில் விழுந்தது. உங்கள் தங்கை பெருங்களத்தூரில் மாலை வகுப்பு நடத்துகிறாராம். வகுப்பில் பாரத்தை ஏற்றினால் பிள்ளைகள் எந்த வாசலுக்குப் போவார்கள் என்பது எனக்குப் புரியாமல் இல்லை. நான் அனுப்பப் போவதில்லை என்பதை இப்போதே தெரிவித்துக்கொள்கிறேன்.

வீட்டில் கூடுதலாக எழுத வைக்க யாரும் இல்லை. நானும் அவளும் மட்டும்தான் இருக்கிறோம்.

அச்சுதன்


கிழக்குத் தாம்பரம்
16 ஜூலை 2025

அச்சுதன் சார்,

என் தங்கை நடத்துவது கீபோர்டு வகுப்பு. சர்ச்சில் வாசிக்கப் பிள்ளைகளுக்கு ஸ்வரம் சொல்லிக்கொடுக்கிறாள். வகுத்தல் கணக்கு அவளுக்கே வராது. விசாரித்தவர் இன்னும் கொஞ்சம் விசாரித்திருக்கலாம்.

உங்கள் கடிதத்தை ஆபீஸில் வாங்கி வகுப்பு வாசலில் நின்றே படித்தேன். கோபம் வந்தது. தலைமை ஆசிரியரிடம் கொண்டுபோகலாம் என்றுதான் கிளம்பினேன். ஆனால் இடைவேளையில் ஒன்று நடந்தது. அதனால்தான் உட்கார்ந்து பதில் எழுதுகிறேன்.

மாளவிகா என் மேஜைக்கு வந்து, யாரும் பக்கத்தில் இல்லை என்று பார்த்துக்கொண்டு, "மிஸ், இன்னைக்கு எனக்கு மட்டும் இன்னும் கொஞ்சம் ஹோம்வொர்க் தருவீங்களா?" என்று கேட்டாள். என் சர்வீஸில் எந்தக் குழந்தையும் இப்படிக் கேட்டதில்லை. படிப்பில் ஆசையா என்று முகத்தைப் பார்த்தேன். ஆசையாகத் தெரியவில்லை. கடையில் கடன் சொல்ல வந்தவர்களின் முகம் அது.

வீட்டுப்பாடம் இருந்தால்தான் வீட்டில் ஏதாவது நடக்குமா, அல்லது நடக்காமல் இருக்குமா? நான் வேறெதையும் யூகிக்க விரும்பவில்லை. ஆனால் குழந்தை வீட்டுக்கு வரவே தயங்குகிறாளோ என்று ஓர் ஆசிரியை கேட்க வேண்டியிருக்கிறது, கேட்கிறேன்.

போன வருடம் வரை எல்லாப் பெற்றோர் கூட்டத்துக்கும் அவளுடைய அம்மா வருவார். இந்த வருடம் பார்க்கவில்லை. அவர் நலமா?

த. பியூலா


இரும்புலியூர்
21 ஜூலை 2025

பியூலா மிஸ் அவர்களுக்கு,

கீபோர்டு விஷயத்தில் எனக்குத் தவறான தகவல் கிடைத்தது. அதை மட்டும் திரும்பப் பெறுகிறேன்.

நான் குழந்தையை அடிப்பவனா என்று கேட்கத்தான் அவ்வளவு சுற்றி வளைத்து எழுதியிருக்கிறீர்கள். இல்லை. இதுவரை ஒரு விரல்கூடப் பட்டதில்லை. அவளுக்குத் தலை பின்னிவிட யூடியூப் பார்த்துக் கற்றுக்கொண்டவன் நான். பள்ளிக்கு வரும்போது அந்தப் பின்னலை நீங்களே பார்த்திருப்பீர்கள்.

அவளுடைய அம்மா ஸ்ரீவித்யா ஜனவரியிலிருந்து எங்களோடு இல்லை. பொத்தேரியில் ஒரு கல்லூரி ஆபீஸில் வேலை பார்த்துக்கொண்டு பெண்கள் விடுதியில் இருக்கிறார். செங்கல்பட்டில் வழக்கு நடக்கிறது. அது முடியும்வரை குழந்தையைப் பார்க்க வர வேண்டாம் என்று நான்தான் சொல்லியிருக்கிறேன். பார்த்துவிட்டுப் போனால் அடுத்த நாள் முழுக்கக் குழந்தை பேசுவதில்லை. யார் அதற்குப் பதில் சொல்வது?

நீங்கள் திடீரென்று அவரைப் பற்றி விசாரிப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. அவர் உங்களுக்குப் போன் செய்தாரா? அப்படி ஏதாவது இருந்தால் மறைக்காமல் எழுதுங்கள். மாளவிகாவைப் பற்றி அவருக்கு ஒரு வார்த்தை போனாலும் நான் சும்மா இருக்க மாட்டேன். எனக்கு மிஞ்சியிருப்பது அவள் ஒருத்திதான்.

கூடுதல் வீட்டுப்பாடம் அவளே கேட்டாள் என்பதை நான் நம்பவில்லை.

அச்சுதன்


கிழக்குத் தாம்பரம்
23 ஜூலை 2025

அச்சுதன் சார்,

உங்கள் மனைவி எனக்குப் போன் செய்யவில்லை. என் நம்பரும் அவரிடம் இல்லை.

நேற்று ஜெரூஷாவைத் தனியாகக் கூப்பிட்டு, "மாளவிகா உங்க வீட்ல இவ்ளோ நேரம் என்னதான் எழுதுறா?" என்று கேட்டேன். அந்தப் பெண் என்னைப் பார்த்தாள், சுவரைப் பார்த்தாள், "சொல்ல மாட்டேன்னு ப்ராமிஸ் பண்ணிருக்கேன் மிஸ்" என்று அழ ஆரம்பித்துவிட்டாள். அழுதுகொண்டே சொல்லியும்விட்டாள்.

என்ன சொன்னாள் என்பதை நான் இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் அது நாளை எந்தக் கேஸ் கட்டுக்குள் போய்ச் சேரும் என்று எனக்குத் தெரியாது. உங்களுக்குக் காகிதத்தின்மேல் இருக்கும் நம்பிக்கை எனக்கு இல்லை.

ஒன்று மட்டும் சொல்கிறேன். குழந்தைக்கு அங்கே எந்த ஆபத்தும் இல்லை. பயப்படும்படி ஒன்றுமில்லை. ஒரு நாள் கொஞ்சம் சீக்கிரம் கிளம்பி வாருங்கள். கீழே நின்று கூப்பிடாமல் மேலே ஏறிப் பாருங்கள். உங்கள் வீட்டிலிருந்து இரண்டு மாடிதானே.

த. பியூலா


இரும்புலியூர்
25 ஜூலை 2025

பியூலா மிஸ் அவர்களுக்கு,

நேற்று ஏறினேன்.

என்ன நினைத்துக்கொண்டு ஏறினேன் என்பதையும் எழுதிவிடுகிறேன். நீங்கள், ஜெரூஷாவின் அம்மா ஜென்சி, எல்லோரும் ஒரே சர்ச். மேலே ஏதோ ஜெபக் கூட்டம் நடத்தி என் பெண்ணை இழுக்கிறீர்கள் என்று நினைத்தேன். என்ன பேச வேண்டும் என்று ரயிலிலேயே ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்தேன்.

வாசலில் செருப்புகள் கிடந்தன. ஜெரூஷாவுடையது, மாளவிகாவுடையது. அவற்றுக்கு நடுவில் பழுப்பு நிறத்தில் ஒன்று, இடது வாரில் கறுப்பு நூலால் தைத்தது. தாம்பரம் மார்க்கெட்டில் நான் கூட நின்று தைத்து வாங்கியது. உள்ளே ஸ்ரீவித்யாவின் குரல் கேட்டது. "மீதி எவ்ளோ? திரும்பப் பாரு." அதற்கு மாளவிகா சிரித்தாள். என் வீட்டில் அவள் அப்படிச் சிரித்து எவ்வளவு நாளாகிறது என்று தெரியவில்லை.

நான் மணியை அழுத்தவில்லை. செருப்பு மாட்டிய காலோடு அப்படியே இறங்கிவிட்டேன். கொஞ்ச நேரம் கழித்து எப்போதும்போலக் கீழே நின்று கூப்பிட்டேன். "இன்னும் முடியல அப்பா" என்றாள்.

ஆக, ஜென்சிக்குத் தெரியும். ஜெரூஷாவுக்குத் தெரியும். உங்களுக்கும் தெரியும். தினமும் பொத்தேரியிலிருந்து ரயில் ஏறி வந்து, என் தலைக்கு மேலேயே உட்கார்ந்திருக்கிறார். நான் கீழே குக்கர் வைத்துக்கொண்டு, பாவம் குழந்தை படிக்கிறது என்று சத்தமில்லாமல் நடந்துகொண்டிருக்கிறேன். இதைவிட ஒரு மனிதனை முட்டாளாக்க முடியாது.

என் பெண்ணுக்குப் பொய் சொல்லக் கற்றுக்கொடுத்திருக்கிறார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. கண்ணைப் பார்த்துச் சொல்கிற அளவுக்குப் பழக்கியிருக்கிறார்.

உங்களிடம் ஒன்று கேட்கிறேன். நீங்கள் கொடுக்காத வீட்டுப்பாடத்தைக் கொடுத்ததாக இந்தக் குழந்தை சொல்லி வந்தாள் என்று வகுப்பு ஆசிரியை என்ற முறையில் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தாருங்கள். வழக்கில் கொடுக்க வேண்டும். மறுத்தால் நீங்களும் இதற்கு உடந்தை என்றுதான் எடுத்துக்கொள்வேன்.

அச்சுதன்


கிழக்குத் தாம்பரம்
29 ஜூலை 2025

அச்சுதன் சார்,

தர மாட்டேன்.

ஜென்சி வீட்டில் ஜெபம் உண்டுதான், சாப்பிடுவதற்கு முன்னால் கொஞ்ச நேரம். அதில் உங்கள் பெண் மதம் மாறிவிட மாட்டாள், பசிதான் கூடும். எழுத வேண்டாம் என்று நினைத்தேன், மனது கேட்கவில்லை.

நீங்கள் கேட்டதை வெறுமனே மறுக்கவில்லை. விசாரித்துவிட்டுத்தான் மறுக்கிறேன். நாலாம் வகுப்பு லோகநாயகி மிஸ்ஸிடம் பேசினேன். "போன வருஷமே அப்படித்தான் பியூலா. ஆயுத பூஜை லீவு முடிஞ்சு வந்ததுலேர்ந்து நான் ஒண்ணு குடுத்தா நாலு போட்டுட்டு வருவா. கெட்டிக்காரின்னு நெனச்சுட்டேன்" என்றார்.

ஸ்ரீவித்யா போனது ஜனவரி என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் அதற்கு முன்பே, அம்மாவும் அப்பாவும் ஒரே வீட்டில் இருக்கும்போதே, இந்தக் குழந்தை யாரும் கொடுக்காத வீட்டுப்பாடத்தை எழுத ஆரம்பித்திருக்கிறாள். அப்போது அவளுக்கு யார் பொய் கற்றுக்கொடுத்தது? யாரைப் பார்ப்பதற்காக எழுதினாள்?

உங்கள் முதல் கடிதத்தை மறுபடி எடுத்துப் படித்தேன். அவள் நோட்டைத் திறந்தால் டிவியை அணைப்போம், விருந்தாளியைக்கூட மெதுவாகப் பேசச் சொல்வோம் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்போது உங்கள் வீட்டில் மெதுவாகப் பேச வேண்டியிருந்தவர்கள் விருந்தாளிகள் மட்டும்தானா?

எனக்குப் பதில் வேண்டாம். உங்களுக்குத் தெரிந்தால் போதும்.

வெள்ளிக்கிழமை நான் வகுப்பில் யாருக்கும் எந்த வீட்டுப்பாடமும் கொடுக்கப்போவதில்லை. டைரியிலும் இல்லை, போர்டிலும் இல்லை. அன்றைக்கு மேலே போய் மணியை அழுத்துங்கள். அம்மாவைப் பார்க்க ஒரு குழந்தை காரணம் தேட வேண்டியதில்லை என்பதை அவளிடம் நீங்கள்தான் சொல்ல வேண்டும். நான் சொன்னால் அது பாடமாகிவிடும்.

உடந்தை என்று எழுதியிருந்தீர்கள். குழந்தைக்கு உடந்தை என்றால், ஆமாம்.

த. பியூலா


இரும்புலியூர்
4 ஆகஸ்ட் 2025

பியூலா மிஸ்,

பதில் வேண்டாம் என்று நீங்கள் எழுதினாலும் எனக்குச் சொல்ல வேண்டும்.

நானும் ஸ்ரீவித்யாவும் கத்திக்கொண்டிருப்போம். மாளவிகா கூடத்துக்கு வந்து நடுவில் உட்கார்ந்து நோட்டைத் திறப்பாள். "மிஸ் நிறைய குடுத்திருக்காங்க" என்பாள். உடனே இரண்டு பேரும் வாயை மூடிக்கொள்வோம். படிக்கிற குழந்தையின் எதிரில் சத்தம் போடக் கூடாது என்பதில் மட்டும் எங்களுக்குள் சண்டை இருந்ததில்லை. அவள் நோட்டை மூடியதும் விட்ட இடத்திலிருந்து ஆரம்பிப்போம். வர வர அவள் மூடுவதற்கு நேரமாகிக்கொண்டே போனது. அப்போதும் நான் லோகநாயகி மிஸ்ஸைத்தான் திட்டினேன்.

வெள்ளிக்கிழமை அரை நாள் லீவு சொல்லிவிட்டு வந்தேன். மணியை அழுத்தினேன். ஜென்சிதான் கதவைத் திறந்தார். "வாங்கண்ணா" என்றார், ஆனால் வழிவிடவில்லை. அவருக்குப் பின்னால் ஸ்ரீவித்யா எழுந்து நின்று கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டிருந்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. எனக்குப் பின்னால் மாடிப்படியைப் பார்த்தாள்.

"கூட யாரு வந்திருக்கா?"

"யாரும் இல்ல. நான் மட்டும்தான்."

"வக்கீல் கீழ நிக்கறாரா?"

"வித்யா, நான் சண்டை போட வரல. திங்கக்கிழமைலேர்ந்து நீ நம்ம வீட்டுக்கே வா. அங்கயே உக்காந்து அவளுக்குச் சொல்லிக் குடு. எத்தனை நேரம் வேணும்னாலும் இரு."

இதை நான் படியேறும்போது பலமுறை சொல்லிப் பார்த்திருந்தேன். அவளால் நம்ப முடியவில்லை. "எதுக்கு? நான் வர்றதைப் போட்டோ எடுத்து கேஸ்ல வைக்கவா? இங்க எவ்ளோ நாளா வரேன்னு யாரு சொன்னா உங்களுக்கு?" என்றாள். அவள் சந்தேகப்பட்டதில் தப்பில்லை. உங்களிடம் நான் கேட்ட அந்தக் கடிதம் கிடைத்திருந்தால் அதைத்தான் செய்திருப்பேன். ஆனாலும் எனக்குச் சுருக்கென்று வந்தது. "நல்லதுக்குச் சொன்னாலும் உனக்கு" என்று ஆரம்பித்தேன். என் குரல் ஏறியது எனக்கே கேட்டது. அவளும் குரலை உயர்த்தினாள்.

அப்போது ஜிப் இழுக்கும் சத்தம் கேட்டது.

மாளவிகா தரையில் உட்கார்ந்து பையிலிருந்து கணக்கு நோட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். பென்சிலை எடுத்தாள். எங்கள் இருவரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. எழுத ஆரம்பித்தாள்.

நாங்கள் நிறுத்திவிட்டோம். ஜென்சி மெதுவாக வழிவிட்டார். நான் உள்ளே போய் சோபாவின் ஒரு ஓரத்தில் உட்கார்ந்தேன். ஸ்ரீவித்யா கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு மறு ஓரத்தில் உட்கார்ந்தாள். ஜெரூஷா சமையலறை வாசலில் நின்று எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் தரையில் இறங்கி மாளவிகாவின் பக்கத்தில் உட்கார்ந்தேன். "போதும்மா, மூடு. அம்மா இனிமே வருவா. ஹோம்வொர்க் இருந்தாலும் வருவா, இல்லன்னாலும் வருவா. நாங்க சண்டை போடல" என்றேன். அவள் தலையை ஆட்டினாள். பென்சில் நிற்கவில்லை. ஸ்ரீவித்யாவும் இறங்கி வந்து அந்தப் பக்கம் உட்கார்ந்து, "அப்பா சொல்றார் இல்ல, மூடும்மா" என்றாள். ஒரு வருஷத்துக்கு மேலாக அவள் எனக்கு ஆதரவாகச் சொன்ன முதல் வார்த்தை அதுதான்.

மாளவிகா என்னைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள். எங்கள் முகத்தில் எதையோ தேடினாள். கிடைக்கவில்லை போலிருக்கிறது. பக்கத்தைத் திருப்பி, ஸ்கேலை வைத்து மார்ஜின் கோடு போட்டாள்.

"இன்னும் நிறைய இருக்குப்பா" என்றாள். "மிஸ் குடுத்திருக்காங்க."

நீங்கள் எதுவும் கொடுக்கவில்லை என்பது அந்த அறையில் இருந்த எல்லோருக்கும் தெரியும் மிஸ். ஸ்ரீவித்யாவின் விடுதிக்கு நேரமாகும்வரை யாரும் வாயைத் திறக்கவில்லை.

அச்சுதன்